சபையில் சொன்னதும் வீட்டில் சொன்னதும்: மத்தியஸ்த சபையும் சாட்சியமும்

தொண்டைமானாற்றில் பாடசாலை முடிந்து யாழ்ப்பாண பஸ்ஸுக்கு நிற்கும் அரைமணித்தியாலம்தான் எங்களுக்கு உண்மையான ஆசிரியர் ஓய்வறை. நீரேரிக் காற்றில் குடை நிற்காது, பேச்சு நிற்கும். அங்கே வைத்துத்தான் ஒருநாள் எங்கள் கணித மாஸ்டர் என்னை ஓரமாக அழைத்துக் கேட்டார்.

"சேர், ஒரு விசயம் கேக்கோணும். எங்கடை ஐயா வேலிக் கதியாலை ரண்டடி தள்ளித்தான் போட்டவர் எண்டு நான் சபையிலை ஒத்துக்கொண்டுட்டன். சமாதானமாப் போவம் எண்டுதான் சொன்னனான். இணக்கம் வரேல்லை. இப்ப அவையள் கோட்டுக்குப் போகினம். நான் சொன்னதை அங்கை சொல்லுவினமோ?"

நான் சட்டம் படித்தவனல்லன். தமிழ் சிறப்புப் பட்டம் எடுத்த ஆசிரியன். ஆனால் காணி வழக்கு நடந்த குடும்பத்தில் பிறந்தவன். 1990 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எனக்குப் பத்து வயது. இருபது வருடம் கழித்துத் திரும்பிவந்த எங்களில் பலருக்கு முதலில் அறிமுகமான அரச நிறுவனம் காணிப் பிணக்கு விசாரிக்கும் இடம்தான். அந்த அனுபவத்தின் துணிச்சலில் மாஸ்டருக்குச் சொன்னேன்: "பயப்படாதேங்கோ மாஸ்டர், சபையிலை சொன்னது ரகசியம். சட்டம் இருக்கு."

அது பாதிப் பதில். அந்தப் பாதியை நம்பி அவர் அடுத்த கிழமை என்ன செய்தார் என்பதைப் பின்னால் சொல்கிறேன். மீதிப் பாதியை எழுதவே இந்தக் கட்டுரை. நம்மவர்கள் நிறையப்பேர் இன்று காணி, கடன், சீதனம், மணமுறிவு என்று ஏதோ ஒரு மத்தியஸ்தத்தின் முன் உட்கார்கிறார்கள். எந்த இடத்தில் சொன்ன சொல்லுக்குக் காப்பு உண்டு, எந்த இடத்தில் இல்லை என்பதைத் தெரிந்துகொண்டு உட்காருபவர்கள் குறைவு.

முதலில் சபையைப் பற்றி. ஊரில் இதை இன்னமும் 'இணக்கசபை' என்றுதான் சொல்வார்கள். அந்தப் பெயர் 1958ஆம் ஆண்டின் 10ஆம் இலக்க இணக்க சபைகள் சட்டத்திலிருந்து ஒட்டிக்கொண்டது. அந்தச் சபைகள் 1970களின் இறுதியில் ஒழிந்தன. இப்போது இருப்பவை 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்க மத்தியஸ்த சபைகள் சட்டத்தின் கீழ் அமைந்தவை. செத்த சட்டத்தின் பெயர் வாழும் சபைக்கு வழங்குவது தமிழுக்குப் புதிதல்ல. ஊரவர் 'இணக்கசபை' என்று சொன்னால் திருத்தவேண்டாம், அழகான சொல். ஆனால் விண்ணப்பம் எழுதும்போது மத்தியஸ்த சபை என்று எழுதவேண்டும்.

இந்தச் சபைகள் பெரும்பாலும் சனி ஞாயிறில், எங்களைப்போன்றவர்கள் படிப்பிக்கும் பாடசாலைக் கட்டடங்களிலேயே கூடுகின்றன. மத்தியஸ்தர்களில் கணிசமானோர் ஓய்வுபெற்ற அதிபர்களும் ஆசிரியர்களும். சட்டத்தரணி உங்களுக்காக அங்கே வந்து பேசமுடியாது, நீங்களே பேசவேண்டும். பிணக்கை விசாரிக்க மூவர் உட்காருவார்கள். சபையின் பட்டியலிலிருந்து ஒருவரை இந்தப் பக்கம் தெரியும், இன்னொருவரை அந்தப் பக்கம் தெரியும், அந்த இருவரும் சேர்ந்து மூன்றாமவரைத் தெரிவுசெய்வார்கள். ஸூரத்துன் நிஸாவின் 35ஆம் வசனம் கணவன் குடும்பத்திலிருந்து ஒரு நடுவரையும் மனைவி குடும்பத்திலிருந்து ஒரு நடுவரையும் நியமிக்கச் சொல்வது நினைவுக்கு வருகிறதல்லவா? சட்டம் எழுதியவர்கள் அதைப் பார்த்து எழுதினார்கள் என்று நான் சொல்லவரவில்லை. இரு பக்கத்துக்கும் தன் ஆள் என்று ஒருவர் இருந்தால்தான் வாய் திறக்கும் என்பது எல்லா ஊருக்கும் தெரிந்த விடயம்.

மாஸ்டருடைய வேலிப் பிணக்கைப்போலப் பெறுமதி குறைந்த காணி, கடன், நட்டப் பிணக்குகள் சபைக்குப் போகாமல் நேரே நீதிமன்றம் போகமுடியாது. சட்டம் வந்தபோது அந்த எல்லை 25,000 ரூபா. பணத்தின் மதிப்புக் குறையக் குறைய எல்லையைப் பல தடவை உயர்த்தியிருக்கிறார்கள். சிறுகாயம், அத்துமீறி நுழைதல், நிந்தித்தல், மிரட்டல் போன்ற சில குற்றங்களும் இப்படித்தான். இணக்கம் வராவிட்டால் 'மத்தியஸ்தத்தால் தீர்க்க முடியவில்லை' என்று சபை ஒரு சான்றிதழ் தரும். அதைக் கொண்டுதான் நீதிமன்றக் கதவைத் தட்டலாம்.

அந்தச் சான்றிதழில் யார் என்ன சொன்னார், யார் எதற்கு இறங்கிவந்தார், யார் பிடிவாதம் பிடித்தார் என்ற கதை இராது. இருக்கக்கூடாது. இந்திய உச்ச நீதிமன்றம் 2010இல் மோத்தி ராம் எதிர் அசோக் குமார் வழக்கில் இதையே அழுத்திச் சொன்னது. மத்தியஸ்தர் நீதிமன்றத்துக்கு அனுப்பவேண்டியது இரண்டில் ஒன்று: உடன்பாடு வந்திருந்தால் அந்த உடன்படிக்கை, வராவிட்டால் 'கைகூடவில்லை' என்ற ஒரு வரி. உள்ளே என்ன முன்மொழிந்தார்கள், என்ன மறுத்தார்கள் என்று நீட்டி எழுதக்கூடாது. அந்த வழக்கில் மத்தியஸ்தர் அப்படி எழுதி அனுப்பியதனால்தான் நீதிமன்றம் இதைச் சொல்லவேண்டி வந்தது.

இனி மாஸ்டரின் கேள்வி. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் நிலைப்பாட்டை என் சொற்களில் சொன்னால்: மத்தியஸ்த சபையின் முன் எவர் சொன்ன கூற்றும் சிவில் வழக்கிலோ குற்றவியல் வழக்கிலோ சாட்சியமாக ஏற்கப்படாது. ஆகவே அவர் சபையில் "ரண்டடி தள்ளித்தான் போட்டவர்" என்று சொன்னதைப் பக்கத்து வீட்டுக்காரர் சாட்சிக் கூண்டில் ஏறிச் சொன்னால், அதை எதிர்க்க மாஸ்டரின் சட்டத்தரணிக்குச் சட்டமே கையில் இருக்கிறது.

இது ஏன் அவ்வளவு பெரிய விடயம்? எங்கள் நாட்டில் வேலிப் பிணக்கின் உயிர்நாடி ஆட்சியுரிமை. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி, இன்னொருவரின் உரிமையை ஏற்காமல், தனக்கே என்று பத்து வருடம் தடையின்றி ஆண்டவர் அந்த நிலத்துக்கு உரித்துக் கோரலாம். அந்தப் பத்து வருடத்துக்குள் வாடகை கொடுத்தாலோ, விளைச்சலில் பங்கு கொடுத்தாலோ, 'இது உங்களுடையது' என்று ஒப்புக்கொண்டதாகக் கொள்ளத்தக்க எதையாவது செய்தாலோ உரித்து ஆட்டங்காணும். ஆக, ஒரு நல்ல மனிதர் சமாதானத்துக்காகச் சொன்ன ஒரு வசனம், அவருடைய ஐயா காலத்திலிருந்து ஆண்ட நிலத்தின் வழக்கையே கவிழ்க்கும் ஆயுதமாக எதிராளி கையில் போய்விடலாம். அப்படிப் போகும் என்றால் யார் சபையில் உண்மை சொல்வார்? எல்லோரும் சட்டத்தரணி எழுதிக்கொடுத்ததை ஒப்பித்துவிட்டு எழும்பிவிடுவார்கள். சபை கூடுவதில் பயனே இராது. இரண்டடியை ஒப்புக்கொண்டு ஓரடியைக் கேட்கிற மனிதருக்கு இடம்கொடுக்கவே இந்தக் காப்பு.

இதுவரை மாஸ்டருக்கு நான் சொன்ன பாதி. மறுபாதிக்கு வருகிறேன்.

சட்டம் சொல்வது 'சாட்சியமாக ஏற்கப்படாது' என்று. 'எவருக்கும் சொல்லக்கூடாது' என்பது வேறு விடயம். நான் இந்த இரண்டையும் ஒன்றாக்கி 'ரகசியம்' என்று ஒரே சொல்லில் போட்டுக் கொடுத்துவிட்டேன். சொல்லைப் படித்தவன் செய்யக்கூடாத தவறு. சபையில் நடந்ததைப் பக்கத்து வீட்டுக்காரர் சந்தியில், கலியாண வீட்டில், தேநீர்க் கடையில் சொல்லித் திரியலாம். சாட்சிய விதி அவருடைய வாயை மூடாது. அது நீதிபதியின் காதை மட்டுமே மூடுகிறது. மத்தியஸ்தர்களுக்கு வெளியே பேசாதிருக்கும் ஒழுக்கம் உண்டு, பயிற்சியில் அதை அவர்களுக்குச் சொல்லியும் கொடுக்கிறார்கள். பிணக்காளிக்கு அந்தப் பயிற்சி எவரும் கொடுப்பதில்லை. நம் மரபில் ஒரு மஜ்லிஸில் பேசியது அமானிதம் என்போம். அந்த உணர்வு இருக்கிறவருக்குச் சட்டம் தேவையில்லை. இல்லாதவருக்கு இந்தச் சட்டம் போதாது.

அடுத்தது, காப்பு 'சபையின் முன்' சொன்ன கூற்றுக்குத்தான். இந்த இரண்டு சொல்லைக் கவனியுங்கள். சபைக்குப் போகுமுன் பள்ளிவாசல் முற்றத்தில் சொன்னது, விதானையாரிடம் சொன்னது, பொலிஸில் முறைப்பாட்டுப் புத்தகத்தில் எழுதுவித்தது, வட்ஸ்அப்பில் அனுப்பியது, சபை முடிந்து வாசலில் நின்று கதைத்தது எல்லாம் வெளியே. பொலிஸ் நிலையத்தில் பொறுப்பதிகாரி இருவரையும் இருத்திச் சமாதானம் பேசுவார், ஊரில் அதையும் மத்தியஸ்தம் என்பார்கள். அந்தப் பேச்சு இந்தச் சட்டத்தின் கீழ் வராது.

ஏற்கெனவே இருந்த பத்திரமும் காப்புக்குள் வராது. உறுதி, நில அளவைப் படம், கடன் துண்டு ஆகியவற்றைச் சபை மேசையில் காட்டியதனால் அவை 'ரகசியம்' ஆகிவிடா. எதிராளி அதை வேறு வழியில் பெற்று நீதிமன்றத்தில் வைக்கலாம். எதிலும் சபையில் காட்டிவிட்டால் தப்பிவிடலாம் என்று நினைக்கும் கெட்டிக்காரர்களுக்கு இது தெரிந்திருப்பது நல்லது.

இணக்கம் வந்து எழுதி ஒப்பமிட்ட உடன்படிக்கையும் மறைபொருள் அல்ல. இரு பகுதிக்கும் பிரதி கிடைக்கும், நீதிமன்றம் அனுப்பிய வழக்கானால் நீதிமன்றத்துக்கும் போகும். பேச்சு மறைவு, முடிவு வெளிச்சம். அப்படி இல்லாவிட்டால் கொடுத்த வாக்கை மீறியவரை எதைக் காட்டிப் பிடிப்பது?

இந்த வேறுபாடு எங்களுக்கு எவ்வளவு விலையில் தெரியவந்தது என்பதைச் சொல்லவேண்டும். பெரிய மாமாவின் கதை.

மாமாவின் வீடு யாழ்ப்பாணம் சோனகத்தெருப் பக்கம். 1990இல் பூட்டிய கதவின் திறப்பைப் புத்தளத்து அகதிக் குடிசையில் இருபது வருடம் வைத்திருந்தார். திரும்பிவந்து பார்த்தபோது பூட்டும் இல்லை, கதவும் இல்லை, வீடு இருந்தது. உள்ளே ஒரு குடும்பம். அவர்களும் போரில் இடம்பெயர்ந்தவர்கள். யாரோ ஒருவரிடம் காசு கொடுத்து, ஏதோ ஓர் உறுதி எழுதி வாங்கியிருந்தார்கள். கூரை மாற்றி, கிணறு இறைத்து, ஓர் அறையும் கட்டியிருந்தார்கள். கெட்டவர்கள் அல்லர். மாமா முதல்நாள் போனபோது தேத்தண்ணி தந்தார்கள்.

மாமா இளகிய மனுசன். சபைக்குப் போகுமுன்னரே, யாரிடமும் கேட்காமல், தன் கைப்பட ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டார். 'நீங்கள் வீட்டுக்குச் செலவழித்த ஆறு இலட்சத்தைத் தந்துவிடுகிறேன், வீட்டை விட்டுத் தாருங்கள்' என்று. அந்த ஆறு இலட்சம் அவர்கள் வாயால் சொன்ன கணக்கு. மாமா அதைச் சரிபார்க்கவில்லை. பிறகு சபையில் உட்கார்ந்து பேசியபோது, கட்டிய அறையின் உண்மையான செலவு அதில் பாதியும் வராது என்று தெரிந்தது. அவர்களும் சபையில் கிட்டத்தட்ட அதை ஒப்புக்கொண்டார்கள். ஆனாலும் இணக்கம் வரவில்லை. வழக்கு நீதிமன்றம் போனது.

அங்கே நடந்ததைப் பாருங்கள். அவர்கள் சபையில் ஒப்புக்கொண்டதை எங்கள் சட்டத்தரணி எடுக்க முடியவில்லை, சட்டம் தடுக்கிறது. மாமா எழுதிய கடிதத்தை அவர்களுடைய சட்டத்தரணி எடுத்து வைத்தார், அதைச் சட்டம் தடுக்கவில்லை. நல்ல நம்பிக்கையில் இன்னொருவர் நிலத்தில் கட்டி மேம்படுத்தியவருக்கு நட்டஈடு உண்டு, அது கிடைக்கும்வரை நிலத்தை விடாமல் வைத்திருக்கும் உரிமையும் உண்டு என்பது இந்நாட்டில் வழங்கும் ரோமன் டச்சுச் சட்ட மரபு. ஆகவே 'எவ்வளவு நட்டஈடு' என்ற கேள்வி வழக்கின் நடுவில் வந்து நின்றது. விடையை மாமா தன் கையாலேயே எழுதிக் கொடுத்திருந்தார்.

"உண்மையைத்தானே எழுதினேன் மகன், மறைச்சு என்னத்துக்கு?" என்றார் மாமா. உண்மையும் அல்ல அது, அவர்கள் சொன்ன கணக்கு. ஆனால் அதை அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

(இடையில் ஒன்று. வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டவர்களின் காணியைப் பத்து வருட ஆட்சி என்று சொல்லி எடுத்துவிடலாமா என்று பலர் கேட்பார்கள். அதற்கென்றே 2016இல் 5ஆம் இலக்க ஆட்சியுரிமை (விசேட ஏற்பாடுகள்) சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரை ஆயுதக் குழுக்களின் நடவடிக்கையால் தன் உரிமையைக் கேட்டு நீதிமன்றம் போகமுடியாதிருந்தவருக்கு அந்தக் காலத்தைக் கணக்கில் எடுக்காமல் விடும் ஏற்பாடு அது. வழக்கை அதற்குரிய காலத்துக்குள் தொடுத்திருக்கவேண்டும் என்பது வேறு கதை, அதைப் பற்றித் தனியாகவே எழுதலாம்.)

மாமாவின் கடிதத்துக்கு ஒரு காப்பு இருந்திருக்க முடியும். மத்தியஸ்த சபைச் சட்டத்தில் இல்லை, அதைவிடப் பழைய சாட்சியக் கட்டளைச் சட்டத்தில், 1895ஆம் ஆண்டின் 14ஆம் இலக்கச் சட்டத்தின் 23ஆம் பிரிவில். சிவில் வழக்கில், 'இதைச் சாட்சியமாகக் கொடுக்கக்கூடாது' என்ற வெளிப்படையான நிபந்தனையோடு செய்த ஒப்புதலோ, அப்படி இரு பகுதியும் உடன்பட்டிருந்தார்கள் என்று நீதிமன்றம் ஊகிக்கக்கூடிய சூழலில் செய்த ஒப்புதலோ ஏற்புடையதாகாது என்பது அதன் கருத்து. சட்டத்தரணிகள் சமரசக் கடிதத்தின் தலையில் 'உரிமைக்குப் பாதகமின்றி' என்று ஒரு வரி போடுவது இதற்காகத்தான். நாங்கள் அதை ஏதோ அலங்கார வாசகம் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். மாமாவின் கடிதத்தில் பிஸ்மி இருந்தது, ஸலாம் இருந்தது, துஆ இருந்தது. அந்த ஒரு வரி இல்லை. எங்கள் சட்டத்தரணி சூழலைக் காட்டி வாதித்துப் பார்த்தார், எடுபடவில்லை.

பள்ளிவாசல் நிர்வாகமோ ஊர்ப் பெரியவர்களோ செய்யும் சமாதானத்துக்கும் இதே நிலைமைதான். நம் மஹல்லாக்களில் நல்ல மனிதர்கள் எத்தனையோ பிணக்குகளை நீதிமன்ற வாசல் மிதிக்காமல் தீர்த்திருக்கிறார்கள். ஆனால் அந்தக் கூட்டத்தில் சொன்னதற்கு மத்தியஸ்த சபையில் சொன்னதன் காப்பு இல்லை. இருந்தால் 23ஆம் பிரிவின் காப்பு மட்டுமே. அதற்கும் நிபந்தனை முன்கூட்டியே தெளிவாக இருக்கவேண்டும். அந்தப் பிரிவு சிவில் வழக்குக்குரியது என்பதையும் மறக்கக்கூடாது. அடிதடி, மிரட்டல் என்று குற்ற வழக்காகப் போனால் அது கைகொடுக்காது.

காதி நீதிமன்றத்தைப் பற்றியும் கேட்பார்கள். 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்படி, கணவர் தலாக் சொல்ல எண்ணி அறிவித்தால், உறவினர், மூத்தோர், ஊரின் செல்வாக்குள்ள முஸ்லிம்கள் ஆகியோரின் துணையோடு இருவரையும் சேர்த்துவைக்கக் காதியார் முயலவேண்டும். அந்த அமர்வும் பார்வைக்கு மத்தியஸ்தம் மாதிரியே இருக்கும், சட்டத்தரணியும் வரமாட்டார். ஆனால் அது மத்தியஸ்த சபை அல்ல, ஆகவே அந்தச் சட்டத்தின் சாட்சியக் காப்பு தானாக அங்கே வந்துவிடாது. பெரிய வேறுபாடு இன்னொன்றும் உண்டு. மத்தியஸ்தர் தீர்ப்புச் சொல்வதில்லை. காதியார் சேர்த்துவைக்க முயல்பவரும் ஆவார், மனைவி கேட்கும் பஸ்ஹு விசாரணையில் மூன்று முஸ்லிம் மதிப்பீட்டாளர்களோடு உட்கார்ந்து முடிவுசெய்பவரும் ஆவார். சமாதானப் பேச்சில் ஒரு பெண் அழுது சொன்னதைக் கேட்ட அதே காது பின்னர் தீர்ப்புக்கும் உட்காருகிறது. இது நல்லதா கெட்டதா என்று இரு பக்கமும் பேசலாம். என் எண்ணம்: சேர்த்துவைக்கும் வேலையையும் தீர்க்கும் வேலையையும் வேறு வேறு ஆட்கள் செய்தால் பெண்களின் வாய் இன்னும் கொஞ்சம் திறக்கும். கருத்து வேறுபடுவோர் இந்த இதழிலேயே எழுதட்டும்.

காப்பு எல்லா இடத்திலும் ஒரே கனமாக இருப்பதுமில்லை. கலிபோர்னியாவில் அது இரும்புக் கதவு. 2011இல் காசெல் என்ற வழக்கில், மத்தியஸ்தத்துக்காகத் தன் சட்டத்தரணியோடு தனியே பேசியதைக்கூட, அதே சட்டத்தரணி மீது தொடுத்த வழக்கில் எடுக்க அம்மாநில உச்ச நீதிமன்றம் இடம்தரவில்லை. இங்கிலாந்தில் கதவு மரத்தால் ஆனது. 2009இல் ஃபார்ம் அசிஸ்ட் வழக்கில், மிரட்டி ஒப்பம் வாங்கினார்கள் என்று ஒரு பகுதி சொன்னபோது, நீதியின் நலனுக்குத் தேவையானால் மத்தியஸ்தரையே சாட்சிக்கு அழைக்கலாம் என்று நீதிபதி சொன்னார்.

இந்தியாவில் 2005இலேயே சென்னை உயர் நீதிமன்றம் தன் வளாகத்தில் மத்தியஸ்த மையம் திறந்தது. 2023இல் அந்நாட்டுப் பாராளுமன்றம் மத்தியஸ்தத்துக்கென்றே தனிச் சட்டம் இயற்றியது. அது ரகசியத்தையும் சாட்சியத் தடையையும் இரண்டு வேறு பிரிவுகளாக, 22 என்றும் 23 என்றும், பிரித்து எழுதியிருக்கிறது. மாஸ்டருக்கு நான் குழப்பிச் சொன்னதைச் சட்டமே பிரித்துவைத்திருப்பதைப் பார்த்தபோது வெட்கமாகத்தான் இருந்தது. விதிவிலக்கும் எழுதியிருக்கிறார்கள்: குற்றம் செய்யப்போவதாகச் சொன்ன கூற்று, வீட்டு வன்முறை, சிறுவர் துன்புறுத்தல் பற்றிய தகவல் போன்றவற்றுக்குக் காப்பு இல்லை. பிள்ளையின் பராமரிப்பு வழக்கிலும் அப்படியே. 2019இல் பெர்ரி கன்சாக்ரா வழக்கில், மத்தியஸ்தத்தின்போது பிள்ளையோடு பேசிய ஆலோசகரின் அறிக்கையை நீதிமன்றம் பார்க்கலாம் என்று இந்திய உச்ச நீதிமன்றம் சொன்னது. பெரியவர்களின் பேரத்துக்குக் கொடுக்கும் மறைவைப் பிள்ளையின் நலனுக்கு எதிராகப் பயன்படுத்தக்கூடாது என்பது அதன் நியாயம். வகுப்பறையில் நிற்கும் எனக்கு அதில் மாற்றுக் கருத்தில்லை.

நான் படிப்பிக்கும் ஊரின் பெயரிலேயே ஒரு மத்தியஸ்தக் கதை ஒலிக்கிறது. உப்புக்காக வந்த கருணாகரத் தொண்டைமான் வெட்டுவித்த ஆறு என்பது இவ்வூரின் பெயர்க்கதை. அவருக்குப் பல நூற்றாண்டு முந்திய வேறொரு தொண்டைமானிடம், அதியமானுக்காகத் தூது போனார் ஔவையார். தொண்டைமான் பளபளக்கும் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்ட, ஔவையார் புகழ்வதுபோல இகழ்ந்த அந்தப் பாட்டு புறநானூற்றில் 95ஆவது. உயர்தர வகுப்பில் அதை நடத்தும்போது இப்போதெல்லாம் ஒரு சிரிப்பு வரும். தூதில் நடந்த பேச்சு மறைபொருள் என்று அன்று விதி இருந்திருந்தால் எங்களுக்கு அந்தப் பாட்டுக் கிடைத்திராது.

சரி, மாஸ்டரிடம் வருகிறேன். நான் 'ரகசியம்' என்று சொன்னதை நம்பி, அடுத்த ஞாயிறு அவர் பக்கத்து வீட்டுக்கே போயிருக்கிறார். வழக்கு வேண்டாம் என்று கேட்க. திண்ணையில் உட்கார்ந்து, அவர்களுடைய மைத்துனரும் இன்னொரு உறவினரும் கேட்டிருக்க, "ஐயா தள்ளிப் போட்டது உண்மைதான், ஓரடி தாறன், விடுங்கோ" என்று மறுபடி சொல்லியிருக்கிறார். சபையில் சொன்னதற்கு இருந்த காப்பு, அதே வசனம் திண்ணைக்கு வந்ததும் கழன்றுவிட்டது. வழக்கில் அந்த இருவரின் பெயரும் சாட்சிப் பட்டியலில் வந்தது.

"சேர், நீங்கள் ரகசியம் எண்டனீங்கள்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

அவருடைய சட்டத்தரணி 23ஆம் பிரிவைப் பிடித்திருக்கிறார். வழக்கை நிறுத்தத்தான் போனார், சமாதானப் பேச்சு என்பது இரு பகுதிக்கும் தெரியும், ஆகவே சூழலிலிருந்து உடன்பாட்டை ஊகிக்கலாம் என்பது வாதம். வாதிக்க இடமுண்டு. ஆனால் சபையில் சொன்னதோடு நின்றிருந்தால் வாதிக்கவே தேவையிருந்திராது. நீதிமன்றம் இன்னும் அதைத் தீர்மானிக்கவில்லை.

இதற்கிடையில் இரண்டு வீட்டுக்காரருக்கும் வழக்குச் செலவு கையைக் கடிக்கத் தொடங்கியிருக்கிறது. மறுபடி பேசிப் பார்ப்போமா என்று பக்கத்து வீட்டிலிருந்தே ஆள் வந்தது. இந்தமுறை மாஸ்டர் என்னிடம் ஒரு கொப்பித் தாளோடு வந்தார். நான் அவரை நேரே சட்டத்தரணியிடம் கூட்டிப்போனேன். அவர் சொல்ல, நான் எழுதிய வரி இது: 'இன்று நாம் பேசுவது பிணக்கைச் சமாதானமாகத் தீர்க்கும் நோக்கில், இரு பகுதியின் உரிமைக்கும் பாதகமின்றி. இதில் எவர் சொன்னதும், எழுதியதும், காட்டிய விருப்பமும் எந்த வழக்கிலும் சாட்சியமாக எடுக்கப்படமாட்டாது என இருவரும் உடன்படுகிறோம்.' கீழே திகதி, நேரம், இடம், இரு ஒப்பம். பேச்சுத் தொடங்குமுன் ஒப்பம் வேண்டும், முடிந்தபிறகு எடுத்துப் பயனில்லை என்று சட்டத்தரணி இரண்டு தடவை சொன்னார்.

போன சனிக்கிழமை இருவரும் ஒப்பமிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். ஓரடியா ஒன்றரை அடியா என்பதில் நிற்கிறது பேச்சு. நில அளவையாளர் அடுத்த மாதம் வருகிறார்.